எல்லாத்துக்கும் “இருக்கு”

மொத அநியாயம், வறுமைக் கணக்கெடுக்க வந்தவன் வருமானத்தை மட்டும் கேட்டது. ரெண்டாவது, தெருவுக்குக் கரண்டுக் கம்பி வந்ததும் வறுமை ஓடிப்போச்சுன்னு மேலே எழுதி அனுப்பினது. மூணாவது, குழாயை எண்ணினானே ஒழிய, அதுல தண்ணி வருதான்னு ஒருத்தனும் தொறந்து பாக்கலை! ... எங்கே எந்திரிக்கிறீங்க தம்பி? உக்காருங்க. ஏழைங்க பட்டியல்ல பேரு வாசிக்க இன்னும் நேரமிருக்கு. தெருவுக்குப் புதுசு நீங்க, இதெல்லாம் தெரிஞ்சுக்கணும்ல?

விட்டேனா நான்? நடுரோட்டுல பாயை விரிச்சுப் படுத்துட்டேன். “வறுமைன்னா காசு மட்டுமா? படிப்பு, அடுப்பு, கூரை, கக்கூஸ், புள்ளைங்க எடை... எல்லாத்தையும் அள! மாவட்டத்துக்கே ஒரு நம்பர் போட்டா எங்க தெரு எங்கே தெரியும்? வீடு வீடா வா! பொம்பளைங்களையும் கேளு! முடிவைச் சாட்சி வெச்சு சத்தமா வாசி!” அத்தனையும் என் கோரிக்கை. அத்தனையும் ஜெயிச்சாச்சு! பேரு வந்தா புதுக் கூரை.

எங்க வீடா? அட, அதை ஏன் கேக்குறீங்க... கட்டிலுக்கு நேர் மேலே ஒழுகுது. மழை வந்தா வீட்டுக்காரி கையில குண்டான், என் கையில குடை. ஆனா பேரு வராது. கணக்கெடுக்க வந்த பொண்ணு, “படிச்சிருக்கீங்களா ஐயா?”ன்னுச்சு. மூணாங்கிளாஸுன்னு சொல்ல வாய் வருமா? “மூட்டை மூட்டையா துண்டறிக்கை படிச்சவன்மா!” “தண்ணி?” “போராடி வாங்கின குழாய்!” “அடுப்பு?” “கேஸு! மறியல் பண்ணி வாங்கினது!” சிலிண்டரு காலி, பின்னாடி விறகு புகையுது. வீட்டுக்காரி நின்னு இருமுறா, இருமுறா... புகைக்குத்தான் இருமுறான்னு நெனைச்சேன் தம்பி! “கூரை?” “தலைக்கு மேலேதானேம்மா இருக்கு!” எல்லாத்துக்கும் இருக்கு, இருக்கு, இருக்கு. அளக்கச் சொன்னவனே அளவுக்குள்ள வரலை!

சிரிக்காதீங்க. அவளா? அதோ முன்வரிசையில, தையக்காரக்காவுக்கும் பக்கத்து வீட்டம்மாவுக்கும் நடுவுல. காலையிலேயே எனக்கு முன்னாடி கெளம்பி வந்துட்டா. நல்ல சேலை வேற கட்டியிருக்கா...

உஷ்! மைக் புடிச்சிட்டாங்க. யாரு? என்ன பேரு சொன்னாங்க? ... “தண்ணி வராத குழாய், விறகடுப்பு, ஒழுகுற கூரை. சொன்னது வீட்டம்மா, சாட்சி ரெண்டு பேர்”... அடிப்பாவி! நான் கூட்டத்துக்குப் போன நேரமாப் பாத்து அந்தப் பொண்ணைத் திரும்பக் கூப்பிட்டிருக்கா! “பொம்பளைங்களையும் கேளு”... என் கோரிக்கையை வெச்சே என்னைக் கவுத்துட்டாளே!

மைக்கம்மா! இங்கே, இங்கே! அந்தப் பேரு பின்வரிசைக்குக் கேக்கலை, இன்னொரு தரம் சத்தமா வாசிங்க! ... கேட்டீங்களா தம்பி? எம் பொண்டாட்டி பேரு!