இருட்டில் அணையும் கேமரா

மெல்லிய வயர்தான் எனக்குப் பிடிக்கும். சொன்னபடி வளையும். சுவரோரம் ஒட்டிவிட்டால் இருப்பதே தெரியாது. நானும் ஏறக்குறைய அப்படித்தான். கேமரா மாட்டப் போகும் இடங்களில் அண்ணன் ஏணியில் ஏறித் துளை போடுவான், வாடிக்கையாளர்களிடம் வாயடிப்பான். நான் கீழே உட்கார்ந்து வயர் முனைகளைச் சீவி இணைப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். புது ஆட்களைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்த மீன் கிடங்கில் என் அக்கா பெட்டி அடுக்கினாள். குளிர் அறையின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து வெகு காலம். ஒரு மாலை அவள் பின்வரிசையில் இருந்தபோது வெளியே தாழ் போட்டுவிட்டார்கள். அவள் தட்டியது பக்கத்து அலுவலகத்தில் இருந்த மேலாளருக்குக் கேட்டிருக்கிறது. கம்ப்ரஸர் சத்தம் என்று நினைத்தாராம். மறுநாள் எல்லார் முன்னாலும் அவரே சொன்னார்.

"உள்ள ஏசி போட்ட மாதிரி இருக்குல்ல, அசந்து தூங்கிட்டா போல."

சிலர் சிரித்தார்கள். மருத்துவமனையில் அக்காவின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்தார்கள். இப்போது அவளுக்கு ஜாக்கெட் கொக்கி நான்தான் மாட்டிவிடுகிறேன். மாட்டி முடிக்கும்வரை அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

மேலாளர் கைப்பிடியைச் சரிசெய்யவில்லை. அதற்குப் பதிலாக உள்ளே ஒரு கேமரா வைக்க நினைத்து, நாங்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியாமலே அண்ணனைக் கூப்பிட்டார். அந்த ஆள் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்றான் அண்ணன். ஒத்துக்கொள்ளச் சொன்னது நான். நான் அவ்வளவு பேசி அவன் கேட்டதில்லை.

வெளிச்சத்தில் கேமராவுக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். இருட்டானால் அதன் கண்ணைச் சுற்றியுள்ள சின்ன விளக்குகள் எரியும். அப்போது கூடுதலாகக் கேட்கும். காவலாளியின் அறையிலிருந்து குளிர் அறைவரை நல்ல தூரம். அண்ணன் தடித்த வயர் எடுத்து வைத்திருந்தான். அவன் கவனிக்காதபோது நான் மெல்லியதை இழுத்தேன். அவ்வளவு தூரத்துக்கு அதில் அந்தக் கூடுதல் மின்சாரம் போய்ச் சேராது. அறை விளக்கு எரியும்போது படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. அதை அணைத்தால் கேமராவும் அணைந்து, திரை வெறும் நீலமாகிவிடும்.

கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, உள்ளே யாராவது அசைகிறார்களா என்று திரையில் பார்க்க வேண்டியது காவலாளியின் பொறுப்பு. அவர் எங்களைப் பலமுறை கூப்பிட்டார். போய் விளக்கைப் போட்டுத்தானே உள்ளே நுழைவோம்? படம் வந்துவிடும். அண்ணன் தலையைச் சொறிவான். காவலாளி கேமராவைப் பார்த்து அலுத்துக்கொள்வார்.

"உங்க தலையக் கண்டா மட்டும் ஒழுங்கா இருக்குது. புது மருமக கெட்டுது போ."

பிறகு அவருக்குச் சலித்துவிட்டது. நீலத் திரை என்றால் அறை காலி என்று எடுத்துக்கொள்ளப் பழகினார். நான் காத்திருந்தது அதற்குத்தான். பெட்டி அடுக்கும் பெண்கள் கிளம்பிய பிறகு, கடைசியாகப் பின்வரிசைப் பெட்டிகளைச் சரிபார்க்க உள்ளே போகிறவர் மேலாளர். என்றைக்காவது ஒருநாள் அவரை உள்ளே வைத்துச் சாத்துவார்கள்.

அன்று சாயங்காலம் மறுபடியும் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணன் வெளியே வண்டியில் ஏணியைக் கட்டிக்கொண்டிருந்தான். காவலாளி கதவைத் தாழிட்டார், விளக்கை அணைத்தார், திரையைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு வாசல் கேட்டைத் திறக்கப் போனார். நான் குளிர் அறைக் கதவருகே மிச்ச வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. மேலாளர்தான் என்று நினைத்தேன். வெகு நாளைக்குப் பிறகு நெஞ்சு ஆறியது.

அப்போது அலுவலகக் கதவைத் திறந்துகொண்டு மேலாளர் வெளியே வந்தார்.

"இன்னும் முடியலையா பாப்பா?"

"முடிஞ்சிருச்சு சார்."

அவரிடம் நான் பேசியது அவ்வளவுதான். முழங்கால் வலி என்று அன்று புதிதாகச் சேர்ந்த பெண்ணை உள்ளே அனுப்பியிருந்தார் என்பது மறுநாள்தான் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது அவர் இல்லை என்பது அப்போதே தெரிந்தது. தாழ்ப்பாள் எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

யோசித்துப் பார்த்தேன். அவர் செத்தால் ஒரே ராத்திரியில் கணக்குத் தீர்ந்துவிடும். வேறு யாராவது செத்தால், அந்தக் கைப்பிடியை ஏன் மாற்றவில்லை என்று ஆயுசுக்கும் அவரைக் கேட்பார்கள். வயரைச் சுருட்டி முடித்து, வண்டியில் ஏறிக்கொண்டேன்.

அந்தப் பெண் செத்ததற்கு நீங்கள் காவலாளியை ஸ்டேஷனில் பிடித்து வைத்திருக்கிறீர்கள். மேலாளர் தனக்கு எதுவும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் இருக்கிறார். அதனால்தான் வந்தேன். மெல்லிய வயர் போட்டது நான். கதவைத் திறக்காமல் போனதும் நான். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். அதே கதவைத் தாண்டித்தான் அவரும் போனார் என்பதையும் எழுதுங்கள். ஹெல்மெட் போட்டிருந்தார், போனில் பேசிக்கொண்டு போனார் என்கிறீர்கள். இருக்கட்டும். எனக்கே கேட்டது. அவர் மனுஷனாக இருந்திருந்தால் அவருக்கும் கேட்டிருக்கும்.