தேதி போடாத கதை

போட்டிகளில் கலந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் முதலில் அதற்கென்று தனியாக ஒரு மெயில் முகவரி தொடங்கிக்கொள்ள வேண்டும். சொந்த முகவரியைக் கொடுத்தால் விளம்பரக் குப்பை வந்து நிறைந்து, ஜெயித்த தகவல் அதற்குள் புதைந்து போகும். உங்கள் பெண் கான்ஸ்டபிள் எனக்கு டீ கொண்டுவந்தபோது, "அக்கா, அதெல்லாம் நெஜமாவே குடுப்பாங்களா?" என்று கேட்டாள். கொடுப்பார்கள். நான் மிக்ஸி வாங்கியிருக்கிறேன், சக்கரம் வைத்த பெட்டி வாங்கியிருக்கிறேன். பரிசை அனுப்புவதற்குப் பணம் கேட்கிறவனும், ஓடிபி கேட்கிறவனும் திருடர்கள் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். விதிமுறைகளைக் கடைசி வரி வரை படிக்கச் சொன்னேன். யாரும் படிப்பதில்லை. நான் படிப்பேன்.

இன்ஸ்பெக்டர் மேடம், நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். எனக்கு எழுத வரும்.

என் பெயர் ஹெலன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தோல் வெட்டும் பிரிவில் சூப்பர்வைசர். என் கணவர் இன்பராஜ் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்கிறார். அவருடைய தங்கை ரெஜினா எங்களோடுதான் இருக்கிறாள். என் பிரிவிலேயே தோல் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் மேல் எனக்குக் கோபமோ பொறாமையோ இருந்ததா என்று நேற்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். இல்லை. அவளை எனக்குப் பிடிக்கும். அவளுக்கு டைபாய்டு வந்தபோது கஞ்சி வைத்து ஊட்டியவள் நான்தான்.

போட்டிப் பழக்கத்தை எனக்கு ஆரம்பித்து வைத்தது அஃப்ரோஸ். தையல் பிரிவில் சூப்பர்வைசர். ஆர்டர் குறைந்து வாரத்தில் பாதி நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, அவள்தான் என்னைத் தன் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தாள். எந்த சோப்பு, எந்த டீத்தூள் போட்டி வைக்கிறது என்று அதில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். முதன்முதலில் ஓர் எண்ணெய்க்கு, 'உங்கள் எண்ணெயில் பொரித்தால் வடை மொறுமொறுப்பாக இருக்கிறது' என்று எழுதி அவளிடம் காட்டினேன்.

"அரே, இன்னாடி இது? மொறுமொறுன்னு இருக்கும்னு அவனுக்கே தெரியாதா?" என்றாள். "படிக்கிறவன் அழணும் ஹெலன். அழ வெச்சாத்தான் பெரிய பரிசு. சிரிக்க வெச்சா கீசெயின்."

அவள் சொன்னது சரிதான். என் அப்பா நான் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துவிட்டார். அதை எழுதித்தான் மிக்ஸி வாங்கினேன். அம்மாவின் ஆபரேஷனை எழுதிப் பெட்டி வாங்கினேன். அதற்குமேல் எங்கள் வீட்டில் நடந்த சோகம் எதுவும் மிச்சமில்லை.

அப்புறம்தான் அந்தக் குழந்தைப் படப் போட்டி வந்தது. எனக்குக் குழந்தை இல்லை. என் தம்பி மகள் படத்தை, என் மகள் என்று அனுப்பினேன். ஜெயித்தேன். பேஸ்புக்கில் அவர்கள் போட்ட படத்துக்குக் கீழே என் தம்பி பெண்டாட்டியே வந்து, 'இது எங்க பாப்பாவாச்சே' என்று எழுதிவிட்டாள். பொய்த் தகவல் கொடுத்ததால் தகுதி நீக்கம் என்று என் பெயரைப் போட்டு ஊருக்கே அறிவித்தார்கள். அஃப்ரோஸ் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டு, மறுநாள் கேன்டீனில் எல்லோர் முன்னாலும், "டூப்பு வருது, தட்டெல்லாம் பத்திரம்" என்றாள். அன்றிலிருந்து என் பிரிவில் தோல் வெட்டுகிற பையன்கள்கூட என்னை டூப்பு அக்கா என்றுதான் சொன்னார்கள். காதில் விழாது என்று நினைத்துச் சொல்வார்கள். விழும்.

"உனக்கு எதுக்கு இந்த பேஜாரு? வுட்டுட்டு வேலைய பாரு" என்றார் என் கணவர்.

நான் விடவில்லை. நான் குழந்தைதான் பெறவில்லை. பொய்க்காரியாகப் பிறக்கவில்லை. இனி என் பெயரில் போகிற எதிலும் ஒரு வார்த்தைகூடப் பொய்யாக இருக்காது என்று முடிவு செய்தேன். நீங்கள் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தது.

அக்டோபரில் ஒரு சமையல் எண்ணெய்க் கம்பெனி போட்டி அறிவித்தது. 'எங்கள் வீட்டு வீரமங்கை.' வீட்டில் இருக்கிற ஒரு பெண்ணைப் பற்றிய உண்மைச் சம்பவம், ஒரு படம். முதல் பரிசு மின்சார ஸ்கூட்டர். கூடவே, ஜெயித்தவரின் படம் எண்ணெய் டின்னில் வரும். ஆம்பூரில் எல்லா அடுப்புக்குப் பக்கத்திலும் அந்த டின் இருக்கிறது. அஃப்ரோஸ் வீட்டிலும்.

ரெஜினாவைப் பற்றி எழுதினேன். மெஷினில் வலது கையின் இரண்டு விரல்களை இழந்த பெண் என்று எழுதினேன். நன்றாக வந்தது. எழுதும்போது நானே அழுதேன். உண்மையில்லாத ஒன்றுக்கு யாராவது அப்படி அழுவார்களா? அவள் பிரியாணிப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம் ஒன்று என் போனில் இருந்தது. அதில் வலது கை தெரியாது. அதை அனுப்பினேன். கதையில் தேதி போடவில்லை. 'ஒரு நாள் மதியம்' என்றுதான் எழுதினேன்.

பொய் எழுதினாயே என்கிறீர்கள். அனுப்பும்போது அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. முடிவு வரட்டும் என்று இருந்தேன்.

நவம்பரில் போன் வந்தது. ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். "மேடம், ஃபைனல் லிஸ்ட்ல வந்துட்டீங்க. எங்க ஆபீஸ்ல எல்லாரும் அழுதுட்டோம். பொங்கல் முடிஞ்சதும் வீட்டுக்கு வந்து வீடியோ எடுப்போம். அந்தக் கைய க்ளோசப்ல காட்டணும், அவங்களுக்கு ஓகேதானே?"

ஓகே என்றேன்.

விலகியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். விலகினால் ஏன் விலகினாள் என்று கேட்பார்கள். இரண்டாவது தடவையும் டூப்பு என்று ஊர் சொல்லும். ஒரு மனுஷிக்கு விரல் பெரிதா, பேர் பெரிதா? எனக்குப் பேர். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், சட்டையில் பெயரைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எங்கள் மெஷினைப் பற்றிச் சொல்கிறேன். தோலை விரித்து, அதன் மேல் இரும்பு அச்சை வைப்பார்கள். இரண்டு பட்டன்களை இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கும் இரும்புத் தலை இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே மாட்டாது, அதற்குத்தான் அந்த ஏற்பாடு. ஷிப்மென்ட் அவசரத்தில் சிலர் ஒரு பட்டன் அழுந்தியே இருக்கும்படி அதில் தோல் துண்டைச் செருகிவிட்டு, ஒரு கையால் அச்சைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அழுத்துவார்கள். வேலை சீக்கிரம் முடியும். நான் அதைப் பார்த்தால் பிடுங்கி எறிந்துவிட்டுத் திட்டுவேன். என் பிரிவில் அதுவரை ஒருவருக்கும் அடிபட்டதில்லை. கம்பெனியில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள், ரெஜினாவின் மெஷினில் நானே துண்டைச் செருகிக் கொடுத்தேன்.

"இன்னா அண்ணி, நீயே வெக்கிற?" என்று சிரித்தாள்.

"இன்னைக்கு ஒரு நாளுதான். லாரி நிக்குது" என்றேன்.

பக்கவாட்டில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். அவள் கை எப்போது அச்சை விட்டு வரும், எப்போது வராது என்று எனக்குத் தெரியும். வேலை கற்றுக்கொடுத்ததே நான்தான். இடது கை பட்டனுக்குப் போனபோது பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சத்தமாகக்கூட இல்லை. வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரிதான். அவள் திரும்பினாள். தோளும் கூடவே திரும்பியது. அச்சைப் பிடித்திருந்த வலது கை இரும்புத் தலைக்கு அடியில் நகர்ந்துவிட்டது.

இரண்டு விரல்கள் போயின. நான் எழுதியதும் இரண்டு. மூன்றாவது விரலில் கீறல்கூட இல்லை. அதற்காக நான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். இதையெல்லாம் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

ஓடிப்போய் அவள் கையைத் துணியில் சுற்றியது நான்தான். வேலூர் ஆஸ்பத்திரியில் அவளோடு தங்கியதும் நான்தான். தலை வாரி விட்டேன், சோறு ஊட்டினேன். என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லனா இவ இன்னா ஆயிருப்பா" என்று அழுதார்.

பொங்கல் முடிந்து வீடியோ எடுக்க வந்தார்கள். அதற்குள் கட்டுப் பிரித்து, புண் ஆறியிருந்தது. தைரியமான பெண் என்று உன்னைப் பேட்டி எடுக்க வருகிறார்கள் என்று ரெஜினாவிடம் சொல்லியிருந்தேன். நீலப் புடவை கட்டி விட்டேன். போனில் பேசிய பெண்தான் வந்திருந்தாள்.

"உங்க அண்ணி எழுதுனத நான் படிக்கிறேன். நீங்க கேட்டுக்கிட்டே கேமராவப் பாருங்க" என்றாள். படித்தாள்.

'ஒரு நாள் மதியம். அவசர வேலை. ஒரு பட்டனில் தோல் துண்டு செருகியிருந்தது. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள்.'

ரெஜினா கேமராவைப் பார்க்கவில்லை. "இத எப்ப அனுப்புனாங்க?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் போனைத் தள்ளிப் பார்த்து, "அக்டோபர்லங்க. ஏன்?" என்றாள்.

"எனக்கு நவம்பர்லதான போச்சு."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ரெஜினா என் பக்கம் திரும்பி, "அண்ணி, அன்னைக்கு நீதான கூப்ட்ட?" என்றாள்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. பொய் சொல்வதை விட்டுவிட்டேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். பக்கத்தில் நின்றிருந்த என் கணவர் என்னை நேராக இங்கே கூட்டிவந்தார்.

தோல் துண்டைச் செருகியது நான். கூப்பிட்டது நான். விரல் போக வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். கேஸில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எண்ணெய்க் கம்பெனி எனக்கு அனுப்பியதாக நீங்கள் காட்டிய மெயிலில், பொய்த் தகவலுக்காகத் தகுதி நீக்கம் என்று மறுபடியும் போட்டிருக்கிறார்கள். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, கதையில் இருந்தது அத்தனையும் நடந்து முடிந்திருந்தது.

கடைசி வாக்கியம் ஒன்றைத் தவிர. 'இன்றும் அதே சிரிப்போடு வேலைக்குப் போய் வருகிறாள்' என்று முடித்திருந்தேன். கம்பெனி அவளுக்குப் பேக்கிங் பிரிவில் வேலை தருவதாகச் சொன்னது. அவள் போகவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்கிறார்கள். என்னால் செய்ய முடிந்ததையெல்லாம் நான் செய்துவிட்டேன். அவள் கொஞ்சம் சிரித்திருக்கலாம்.