என் கதையைச் சொல்லி அழுதவள்

— "அழுகை வந்தா நீ என்னக்கா பண்ணுவே?"ன்னு கேட்டேல்ல? இதே சமையல்கட்டுல, இந்த மேடை மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு? நானும் வெகுளி மாதிரி, "குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன்டி, சத்தம் வெளிய கேக்காது"ன்னேன்.

— ஞாபகம் இருக்குக்கா.

— தங்கச்சிக்கு இப்பவாவது நம்ம மேல கரிசனம் வந்துச்சேன்னு அன்னிக்கு எவ்வளவு பூரிச்சுப் போனேன் தெரியுமா? இப்பப் பேப்பரைப் பிரிச்சா முதல் பக்கத்துல உன் பேரு. உள்ள என் குழாய், என் அழுகை!

— உன் பேரை எங்கயும் போடலையே.

— அதைத்தான்டி கேக்கறேன். ஏன் போடலை?

— என்னக்கா நீ? போட்டிருந்தா மாமா உன்னைச் சும்மா விடுவாரா?

— அந்தப் பொம்பளைங்க காப்பகத்துக்குள்ள வேஷம் போட்டுப் போறதுக்கு வேற கதையே கிடைக்கலையா உனக்கு?

— புருஷனோட வாழ முடியாம வந்தவங்களைத்தான் அங்க சேர்த்துப்பாங்க. பத்திரிகைக்காரின்னு தெரிஞ்சா வாசலோட சரி. உள்ள என்னடான்னா, நாள் பூரா பை தைக்க விட்டு, அரை வயித்துக்குப் போட்டு, ஏன்னு கேட்டா இருட்டறையில அடைக்கறாங்க. எங்க ஆபீஸ்ல ஒரு பொம்பளையும் இதுவரைக்கும் இப்படி வேஷம் போட்டு உள்ள போனதில்லை. சொந்தமாக் கட்டின கதைன்னா நடுவுல மறந்துடும், மாட்டிப்பேன். உன் கதை மறக்காது. பயந்துட்டேன்க்கா. பயத்துல கைக்கு வந்தது நீதான்.

— அங்க உன்னை என்னன்னு கூப்பிட்டாங்க?

— உன் பேரைச் சொல்லித்தான். முதல் நாள் யாரையோ கூப்பிடறாங்கன்னு நான்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். பாவம், இவளுக்குக் காதும் கேக்காது போலன்னு பக்கத்துல இருந்தவ உச்சுக் கொட்டினா.

— சிரிப்பு வேற! புருஷன் முகம் கொடுத்துப் பேசறதில்லை, எதுவா இருந்தாலும் குழந்தையை விட்டு "உங்கம்மாகிட்டச் சொல்லு"ம்பான்னு நீ சொன்னியே, அப்ப என்ன பண்ணாங்க? படிச்சேன். இருந்தாலும் உன் வாயால சொல்லு.

— அழுதாங்க. ஒருத்தி என் தலையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டா. இன்னொருத்தி அவ போர்வையைக் கொடுத்துட்டு, குளிர்ல சுருண்டு படுத்தா.

— அது என் போர்வைடி! கல்யாணமானதுலேருந்து இந்த வீட்டுல கிடக்கறேன், யாராவது என் தலையைத் தொட்டிருக்காங்களா? அம்மாகிட்டச் சொன்னா, "அனுசரிச்சுப் போம்மா". நீ என்னடான்னா ஒரே ஒரு தடவை என் கதையைச் சொல்லி மடி, போர்வை எல்லாம் வாங்கிக்கிட்டே. போதாததுக்கு உனக்குப் பாராட்டு விழா. வயிறு எரியுது.

— அந்த விழாவுக்கு உன்னைக் கூப்பிடத்தான் வந்தேன்.

— எதுக்கு? கை தட்டவா?

— உனக்கு மட்டும்தான் வயிறு எரியுமா? அங்க எல்லாரும் பிள்ளைங்களை நெனச்சு அழுவாங்க. நானும் உன் பாப்பாவை என் பொண்ணுன்னு சொல்லி அழுதேன். நடிப்புன்னுதான் ஆரம்பிச்சேன். வெளிய வந்து என் ரூம் கதவைத் திறந்தா, நெனச்சு அழறதுக்கு எனக்கு ஒரு ஆளில்லை. அப்ப உன் மேல வந்த பொறாமையை எந்தப் பேப்பர்ல போடறது?

— போடி பைத்தியம். மூக்கைத் துடை.

— மாமா படிச்சாரா?

— படிச்சாராவா? நேத்து ராத்திரி சாப்பிடறப்ப உரக்கப் படிச்சார். "சே, இப்படியும் ஒரு மிருகம் இருப்பானா? நிக்க வெச்சு அடிக்கணும்"னார். எதிர்ல நான் பரிமாறிக்கிட்டிருக்கேன். பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, பாப்பா பக்கம் திரும்பி, "உங்கம்மாவைத் தண்ணி கொண்டுவரச் சொல்லு"ன்னார்.

— கடவுளே!

— வாய்விட்டுச் சிரிச்சுட்டேன்டி. அடக்கவே முடியலை. "எதுக்குச் சிரிக்கறான்னு கேளு"ன்னார், அதையும் அவகிட்டயே.

— பாப்பா கேட்டாளா?

— "நீங்களே கேளுங்கப்பா"ன்னா.

— அடி சக்கை! அப்புறம்?

— அறைஞ்சார். அவ மேல கை பட்டது அதான் முதல் தடவை. இன்னும் கன்னம் வீங்கியிருக்கு. அதோட ஸ்கூலுக்குப் போயிருக்கா.

— அக்கா...

— காப்பகத்தை இழுத்து மூடிட்டாங்களாமே? அந்தப் பொம்பளைங்கள்லாம் இப்ப எங்க?

— ஒரு வீடு பிடிச்சுக் கொடுத்திருக்கோம். ஒண்ணாச் சமைக்கறாங்க, ஒண்ணா வேலைக்குப் போறாங்க. அது என் கதையில்லை, எங்கக்கா கதைன்னு அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். ஆனா என்னைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. "அந்தக் கதைக்கு நிஜமான சொந்தக்காரி எங்க இருக்காம்மா, எப்படி இருக்கா?"ன்னு உன்னைத்தான் விசாரிக்கறாங்க.

— என்னையா?

— உன்னைத்தான். சரி, பாப்பா வர்ற நேரமாச்சு, நான் கிளம்பட்டுமா?

— இருடி. நீ வர்றப்பல்லாம் கேக்கணும்னு வாய் வரைக்கும் வரும். இவகிட்டப் போய்க் கேக்கறதான்னு பொறாமையில முழுங்கிடுவேன். பாப்பா வந்ததும் எங்க ரெண்டு பேரையும் அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு.