முன்பக்கத்துக் கல்

உப்புத் தண்ணீர் மீன் தொட்டி வைப்பது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை, டாக்டரம்மா. பொறுமை மட்டும் இருந்தால் யார் வேண்டுமானாலும் வைக்கலாம். நானே வைத்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நின்றுகொண்டே கேட்காதீர்கள், உட்காருங்கள். பக்கத்து அறையில் என் வீட்டுக்காரர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருப்பது கண்ணாடி வழியாக எனக்கும் தெரிகிறது. அவர் நெஞ்சுக்குள் போனது எது என்று தெரிந்தால் அதற்கேற்ற வைத்தியம் பார்க்கலாம், தெரியாவிட்டால் இருட்டில் துழாவுவதுதான் என்றீர்கள். நியாயமான பேச்சு. பூச்சி மருந்து அடித்தீர்களா என்று கேட்டீர்கள். இல்லை. ஆசிட்? இல்லை. கேஸ் கசிவு? அதுவும் இல்லை. வேறு என்னதான் புதிதாக இருந்தது வீட்டில் என்றீர்கள். மீன் தொட்டி என்றேன். "சரி, அதப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் சொல்லுங்க" என்றது நீங்கள்தான். தெரிந்ததெல்லாம் என்றால் முதலிலிருந்துதான் வர வேண்டும். நடுவில் தொடங்கினால் எனக்கே தலையும் புரியாது, வாலும் புரியாது.

முதலில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை. சொந்தக்காரர்கள் மத்தியில் அவருக்கு 'வெந்நீர்' என்று பெயர். எதைக் கண்டாலும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் போட்டு அலசிவிடுவார். கரண்டி, சீப்பு, சாவிக்கொத்து, ரிமோட்டின் உறை. கல்யாணமான புதிதில் என் மூக்குக் கண்ணாடியையும் போட்டு எடுத்தார். சட்டம் வளைந்துபோய், புதுக் கண்ணாடி வரும்வரை நான் உலகத்தைக் கோணலாகத்தான் பார்த்தேன். மற்றபடி தங்கமான மனிதர். கை நீட்டியது கிடையாது, குரலை உயர்த்தியது கிடையாது. என் பூச்செடிகளை மண் சிந்துகிறது என்று தூக்கிப் போட்டபோதும் சரி, என் பூனையை முடி உதிர்கிறது என்று எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தபோதும் சரி, அன்பாகத்தான் சொன்னார். "உன் உடம்புக்காகத்தாம்மா செய்யறேன்" என்பார். இப்படிப்பட்டவரிடம் என்ன சண்டை போட முடியும், சொல்லுங்கள்.

தொட்டிக்கு மட்டும் உடனே தலையாட்டினார். கண்ணாடி, தண்ணீர், உப்பு. மூன்றும் சுத்தமான சமாச்சாரம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். கூடத்தில் வெயில் நேராக விழாத சுவராகப் பார்த்து மேசை போட்டோம். தண்ணீர் நிரம்பிய தொட்டி ஒரு ஆள் எடைக்கு மேலேயே கனக்கும். மேசை கொஞ்சம் சாய்ந்தாலும் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். அவரே ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் சொருகிக் கொடுத்தார். அந்த உதவியை நான் மறக்கவில்லை.

சமையல் உப்பு ஆகாது. இதற்கென்று பெட்டியில் கடல் உப்பு விற்கிறார்கள். அதை வடிகட்டிய தண்ணீரில் கரைத்து, வெதுவெதுப்பாக்கி, சுற்றிவிட்டு, உப்பு சரியாக இருக்கிறதா என்று கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். என் நாத்தனார், அதோ வராந்தாவில் அழுதுகொண்டிருக்கிறாளே அவள்தான், அன்றைக்கு வந்திருந்தாள். "நாக்குல வச்சா தெரிஞ்சிடப் போகுது, இதுக்கு ஒரு மிஷினா அண்ணி?" என்று சிரித்தாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கலகலப்பான வீடுதான் எங்களுடையது.

குளோரினா என்கிறீர்கள். நல்ல யூகம். குழாய்த் தண்ணீரில் அது இருக்கும் என்பதால்தான் வடிகட்டிய தண்ணீர் என்றேன். அது இல்லை. உங்கள் கால் ஆடுகிறது பாருங்கள். வருகிறேன், வருகிறேன்.

கல் அடுக்குவதுதான் இதில் இருக்கிற ஒரே கலை. புதிதாக வைப்பவர்கள் எல்லோரும் கல்லைப் பின்பக்கக் கண்ணாடியில் சாய்த்துச் சுவர் எழுப்பிவிடுவார்கள். தண்ணீர் உள்ளே ஓடாது, மீனுக்கு ஒளிய ஒரு சந்து கூட இருக்காது. அப்படிச் செய்யக்கூடாது. கல்லை வெறும் அடிக்கண்ணாடியில் உட்கார வைத்துவிட்டு அப்புறம்தான் மணலைக் கொட்ட வேண்டும். மணல் மேல் கல் வைத்தால் மீன் குடைந்து குடைந்து ஒருநாள் எல்லாம் சரிந்து விழும். நட்ட நடுவிலும் வைக்கக்கூடாது. ஒரு பக்கம் உயரமாக, மறுபக்கம் தாழ்வாக, இடையில் வெறும் மணல். நான் ஒரு வளைவு கட்டியிருந்தேன், அடியில் மீன் புகுந்து வரும்படி. கடைக்காரர் போட்டோவைப் பார்த்துவிட்டு, "அக்கா, முதல் தடவ வைக்கறவங்க வேலை மாதிரியே இல்லையே" என்றார். என்னை யாரும் அப்படி வாய்விட்டுப் பாராட்டியதில்லை. வீடு வரும்வரை எனக்குச் சிரிப்பு நிற்கவே இல்லை.

அப்புறம் காத்திருக்க வேண்டும். தொட்டியில் ஒரு செத்த இறாலைப் போட்டு அழுக விடுவார்கள். அதைத் தின்ன, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வந்து கல்லில் குடியேறும். பிற்பாடு மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுவதும் அவைதான். கல்லில் இருக்கும் அந்த அழுக்குத்தான் தொட்டிக்கு உயிர். இதை என் வீட்டுக்காரருக்கு எத்தனையோ முறை பாடம் நடத்தினேன். "கிருமின்னும் நீயே சொல்ற, அத நடுவீட்ல வளக்கவும் செய்யற" என்பார். கேட்டால் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது, அப்போது.

தண்ணீர் பக்குவமான பிறகு கோமாளி மீன் ஒரு ஜோடி வாங்கினேன். ஆரஞ்சும் வெள்ளையுமாக, தத்தித் தத்தி நீந்தும். நான் நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஓடி வரும். அந்த வீட்டில் நான் வந்ததைக் கவனித்து யாராவது ஓடி வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. நான் அவற்றோடு பேசினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

புதுத் தொட்டி எல்லாவற்றிலும் கொஞ்ச காலத்தில் பழுப்பாக ஒரு பாசி படரும். மணல், கல், கண்ணாடி, எல்லாம் டீத்தூள் கொட்டின மாதிரி ஆகிவிடும். கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டால் தானாகப் போய்விடும். நான் கடைக்குப் போன நேரத்தில் அவர் கல்லையெல்லாம் எடுத்து வெந்நீரில் போட்டுத் தேய்த்துத் திரும்ப அடுக்கி வைத்துவிட்டார். சுவர் மாதிரி அடுக்கியிருந்தார், பின்பக்கக் கண்ணாடியில் சாய்த்து. "பாரு, எப்படிப் பளபளன்னு இருக்கு" என்றார். கிருமி செத்தது, தண்ணீர் கெட்டது, மீன் இரண்டும் மல்லாந்து மிதந்தன. "போனாப் போகுது விடும்மா, வேற வாங்கிக்கலாம்" என்றார். வேறு வாங்கினேன். வளைவைத் திரும்பக் கட்டினேன். மறுபடி பாசி வந்தது, மறுபடி அவர் கழுவினார், மறுபடி மிதந்தன.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது, டாக்டரம்மா. பூனைக்கு வராதது, பூச்செடிக்கு வராதது, எல்லாம் சேர்ந்து வந்தது. அடுப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை குறைவாக.

நர்ஸ் கூப்பிடுகிறார், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன்.

வந்துவிட்டீர்களா. மூச்சுக்குக் குழாய் வைத்துவிட்டார்களாமே. நாத்தனார் கத்தியதில் தெரிந்தது. உங்களுக்கு வியர்த்துவிட்டது, கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். எங்கே விட்டேன்? டீ. ஆமாம்.

நடந்ததைக் கடைக்காரரிடம் சொன்னபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது. மனசைத் தேற்றத்தான் அந்தக் கல்லைக் காட்டினார் என்று நினைக்கிறேன். கல் முழுக்கச் சட்டைப் பொத்தான் பொத்தானாகப் பவளம் முளைத்திருந்தது, பச்சையும் ஊதாவுமாக. தண்ணீருக்குள் விரிந்து விரிந்து மூடியது. கையுறை போட்டுக்கொண்டு எடுத்துக் கொடுத்தவர், முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொண்டார். "அக்கா, இதுல மட்டும் விளையாட்டு கூடாது. தண்ணிக்குள்ள இருக்கற வரைக்கும் பச்சப்புள்ள மாதிரி. வெந்நீர் பக்கம் மட்டும் கொண்டுபோயிடாதீங்க. அந்த ஆவி நெஞ்சுக்குள்ள போச்சுன்னா ஆள் தப்பறது கஷ்டம். வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க" என்றார். "சொல்லிடறேன் தம்பி" என்றேன்.

சொல்லத்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி நேரத்தில் பேசினால் அவருக்குப் பிடிக்காது. அடுத்த நாள் சொல்லலாம் என்று விட்டேன். பிறகு அது அப்படியே நாள் தள்ளிப் போய்விட்டது, வீட்டில் எத்தனையோ விஷயம் அப்படித் தள்ளிப் போகும்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? பேர் என்ன, பேர் என்ன என்றால்? பேர் எனக்குத் தெரியாது, நான் பொத்தான் என்றுதான் கூப்பிடுவேன். கடைக்காரர் எண் போனில் இருக்கிறது, தேடித் தருகிறேன். போன்தான் பைக்குள் எங்கே கிடக்கிறதோ. முடித்துவிடுகிறேன், இன்னும் கொஞ்சம்தான்.

அந்தக் கல்லை முன்பக்கம் வைத்தேன், நாற்காலியில் உட்கார்ந்தால் கண் நேராகப் போய் விழும் இடத்தில். அழகான பொருளை ஒளித்தா வைப்பார்கள்? விளக்கையும் நாள் முழுக்க எரிய விட்டேன். தீனியும் தாராளமாகப் போட்டேன், தொட்டியில் மீனே இல்லாவிட்டாலும். விளக்கும் தீனியும் கூடினால் பாசி வேகமாகப் படரும் என்று எனக்குத் தெரியும்தான். பொத்தான்களுக்கு நடுவிலெல்லாம் பழுப்பு ஏறிவிட்டது. அவர் சாப்பிடும்போதுகூட அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கை அரித்ததை நான் பார்த்தேன்.

பிறகு தங்கை வீட்டுக்கு ஒருநாள் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். வாசலில் நின்று தெளிவாகத்தான் சொன்னேன். "தொட்டியத் தொடாதீங்க, நான் வந்து பாத்துக்கறேன்." நாத்தனார் கூட இருந்தாள், கேட்டுப் பாருங்கள். இதற்கு மேல் ஒரு மனைவி என்ன எச்சரிக்கை செய்வாள்? அடுப்படி ஜன்னலையும் மழை வந்தால் சாரல் அடிக்குமே என்று இறுக்கிச் சாத்திவிட்டுப் போனேன். மழை வரவில்லை, வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அதை யார் கண்டார்கள்.

சாயங்காலம் அவரே போன் செய்தார். "நெஞ்சை அடைக்குது, வாயெல்லாம் இரும்பு ருசியா இருக்கு" என்றார். குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. கல்லைக் கழுவினீர்களா என்று கேட்டேன். "அழுக்கா இருந்துச்சும்மா" என்றார். எனக்கு அவர் மேல் கொஞ்சம் பாசம்கூட வந்தது. "சளியா இருக்கும், அடுப்படியிலயே உக்காந்து நல்லா ஆவி பிடிங்க. வெந்நீர் அப்படியேதான இருக்கு?" என்றேன். "இருக்கு" என்றார். நான் சொல்லி அவர் கேட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் நாத்தனார் போய்ப் பார்த்து அலறியதில்தான் ஆம்புலன்ஸ் வந்தது. நான் வர பஸ்ஸில் நேரமாகிவிட்டது. டாக்ஸி பிடித்திருக்கலாம் என்கிறாள் அவள். சொல்வது சுலபம்.

நான் எதையும் மறைக்கவில்லை. கல்லை வாங்கியது நான், முன்பக்கம் வைத்தது நான், அழுக்காக்கியது நான், ஜன்னலைச் சாத்தியது நான். அவர் கழுவுவார் என்று தெரியும், கழுவினால் என்ன ஆகும் என்றும் தெரியும். அதற்காகத்தான் வைத்தேன். நீங்கள் வீட்டில் என்ன விஷம் இருந்தது என்று கேட்டீர்கள். கல் என்று நான் வாய் திறக்க நீங்கள் இடம் கொடுக்கவில்லையே, பூச்சி மருந்து, ஆசிட், குளோரின் என்று அடுக்கிக்கொண்டே போனீர்கள்.

நர்ஸ் கதவருகில் சும்மா நிற்கிறார். ஓடவில்லை, கூப்பிடவில்லை. நாத்தனார் அழுகையும் வேறு மாதிரி ஆகிவிட்டது.

உட்காருங்கள், டாக்டரம்மா, இனி அவசரமில்லை. உங்கள் மேல் தப்பில்லை என்று யார் கேட்டாலும் நானே சொல்கிறேன். என் மனசில் இப்போது ஓடுவதெல்லாம் அந்தக் கல்தான். அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் அப்படியே கிடக்கும். கொதிநீர் பட்டதில் ஒரு பொத்தானாவது பிழைத்திருக்குமா தெரியவில்லை. எவ்வளவு துடித்ததோ, பாவம், வாயில்லா ஜீவன். ஒரு உயிரை அப்படிச் செய்ய எப்படித்தான் மனசு வருகிறதோ மனிதர்களுக்கு.