ரமோனால் வழியில் ஒரு பச்சைக் கிளை

காப்பிக்கு நன்றி அம்மா. நான் சர்க்கரை போட்டுக் குடிப்பதில்லை. நீங்கள் கேட்காமலே மூன்று கரண்டி போட்டுக் கலக்கிவிட்டீர்கள். கலக்கிய பிறகு வேண்டாம் என்றால் நன்றாக இருக்காது என்று குடித்துவிட்டேன். என் சுபாவம் அப்படி. ஒருவர் முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்ல எனக்கு வராது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், அரசு வழக்கறிஞரான உங்களுக்கு மற்றதெல்லாம் சுலபமாகப் புரிந்துவிடும்.

என் பெயர் அமான்சியோ ரெக்கேனா. பெத்தேன் காட்டின் ஓரத்தில் எங்கள் ஊர். பதினொரு வருடமாக வழிகாட்டியாக இருக்கிறேன். ஊரிலிருந்து காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் ரமோனால் கோயில்களுக்குப் போய்ச் சேரலாம். பெரிய கோயிலின் உச்சியில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுக் கூடாரத்தில் ஒரு ராத்திரி. விடிகிறபோது மறுபடி உச்சிக்கு ஏறி இறங்கி, ஊர் திரும்ப வேண்டியது. எங்கள் சங்கத்தில் முப்பது வழிகாட்டிகள், முறை வைத்துப் போவோம். என் மேல் ஏற்கெனவே இரண்டு புகார்கள். முதலை கிடக்கும் குளத்தில் குளித்தே தீருவோம் என்று ஒரு கூட்டம் அடம்பிடித்தது, இறங்க விட்டேன். இன்னொரு தடவை ஒரு ஜோடி, நாங்களே தனியாகத் திரும்பிக்கொள்கிறோம் என்றார்கள், சரி என்றேன். மூன்றாவது புகார் வந்தால் பெயரை அடித்துவிடுவோம் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்கு வேறு வேலை தெரியாது. எங்கள் பக்கத்தில் வேறு வேலை கிடையவும் கிடையாது.

அந்த ஏப்ரல் மாதக் கூட்டத்தில் ஏழு பேர். ஆறு பேர் தலைநகரில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள். லிசெத் என்ற அம்மாள்தான் அவர்களுக்குத் தலைவி. ஏழாவது ஆள் டோன் எலீஹியோ என்ற பெரியவர். கோபானிலிருந்து தனியாக வந்திருந்தார். எழுபத்தொரு வயது, வேலையை விட்டுவிட்ட கொத்தனார்.

"நான் கட்டுன சுவரு நாப்பது வருஷத்துல விரிசல் விட்டுருச்சு தம்பி. இவனுங்க கட்டுனது ரெண்டாயிரம் வருஷமா நிக்குது. அப்பிடி என்னத்தத்தான் கலந்தானுங்கன்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பும்போதே எல்லோரையும் சிரிக்க வைத்தார். நல்ல மனிதர். இதை எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவர் மேல் ஒரு கோபமும் கிடையாது.

கிளம்புமுன் எல்லோருக்கும் சொல்வதை அன்றும் சொன்னேன். காட்டில் வழி பிரிகிற இடத்தில், முன்னால் போகிறவன் ஒரு பச்சைக் கிளையை வெட்டி, போகக் கூடாத பாதைக்குக் குறுக்கே போடுவான். பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு மற்றப் பாதையில் வருவார்கள். எங்கள் காட்டில் அதை யாரும் மாற்றிப் போட மாட்டார்கள், விளையாட்டுக்குக்கூட. அப்படியும் வழி தவறிவிட்டால் நகரக் கூடாது. இருந்த இடத்திலேயே உட்கார்ந்து கூப்பிட வேண்டும், நான் வந்து அழைத்துப்போவேன்.

டோன் எலீஹியோவுக்குக் கிளை விஷயம் ரொம்பப் பிடித்துவிட்டது. "நாங்களும் ஈரத் தரையில குச்சி ஒண்ண வச்சுட்டுப் போவோம். மிதிக்காதடான்னு அர்த்தம். அதையும் மிதிக்கிறவன் இருப்பான், என் மருமகன் மாதிரி" என்றார்.

கூடாரம், தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றையும் கோவேறு கழுதைகளில் ஏற்றிக்கொண்டு என் மச்சான் மௌரோ வேறு தடத்தில் முன்னாலேயே போய்விட்டான். ஏப்ரலில் காட்டில் ஒரு குட்டையிலும் தண்ணீர் இருக்காது. குடிக்கிற தண்ணீரையும் ஊரிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும்.

பத்து மணிக்கே டோன் எலீஹியோ பின்தங்கிவிட்டார். கல் கண்ட இடத்திலெல்லாம் நின்று தடவிப் பார்ப்பார். முட்டியும் வலித்தது. முதல் ஓய்வில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, முட்டி கொஞ்சம் மக்கர் பண்ணுது. அதுக்காக என்னத் திருப்பி அனுப்பிடாத. சனிக்கிழமை வரைக்கும் ஃப்ளோரெஸ்ல சிநேகிதன் வீட்டுல இருக்கேன்னு மக கிட்டப் பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். பாக்காமப் போனேன்னா சொன்ன பொய்யும் வீணு."

"அனுப்ப மாட்டேன் டோன் எலீஹியோ" என்றேன். அது வாக்கு.

மூன்றேகாலுக்குப் பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்தோம். வலது பக்கம் ரமோனால், வேகமாக நடந்தால் இரண்டு மணி நேரம். இடது பக்கம் அரைமணி நடந்தால், சப்போட்டா மரத்துப் பால் எடுப்பவர்கள் எப்போதோ விட்டுவிட்டுப் போன பழைய கொட்டகை. வலது பாதைதான் சுற்றி வளைத்துப் போகும், பறவை பறக்கிற கணக்கில் கொட்டகை கோயிலுக்குக் கிட்டத்தான், கிழக்கே. டோன் எலீஹியோ எங்களுக்குக் கால்மணி தூரம் பின்னால் வந்துகொண்டிருந்தார். லிசெத் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அமான்சியோ, மணி என்ன?"

"மூணேகால் மேடம்."

"சூரியன் நமக்காக நிக்குமா?"

"நிக்காது மேடம்."

"அப்ப அந்தப் பெரியவர என்ன பண்ணப்போறீங்க? இந்த ரெண்டு நாளுக்காக ஒரு வருஷமா லீவு சேத்து வச்சிருக்கோம். மேல ஏறிச் சூரியன் மறையறதப் பாக்கலன்னா உங்க சங்கத்துக்கு எழுதித்தான் ஆவேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

"பாத்துக்கறேன் மேடம்" என்றேன்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பெரியவரிடம் திருப்பி அனுப்ப மாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது. இந்த அம்மாளிடம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியாகிவிட்டது. யார் மனதும் நோகக் கூடாது. இரண்டு பேருக்கும் சரி சொல்ல ஒரே ஒரு வழிதான் இருந்தது.

வலது பாதையில் கொஞ்சம் தள்ளி இருக்கும் பெரிய இலவ மரத்தடியில் காத்திருங்கள், அவரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று அவர்களை முன்னால் அனுப்பினேன். அவர்கள் தலை மறைந்ததும் ஒரு கிளையை வெட்டி வலது பாதையில் போட்டேன். பிறகு ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன். அவர் குழம்பி நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கவலைதான்.

அவர் குழம்பவில்லை. சீட்டியடித்துக்கொண்டு வந்தார். கிளையைப் பார்த்தார். அது கொஞ்சம் கோணலாகக் கிடந்தது. ஊன்றுகோலால் தள்ளி அதைப் பாதைக்கு நேர்குறுக்காக வைத்தார். வேலைக்காரர் கை, கோணலைப் பார்த்தால் சும்மா இருக்காது. பிறகு இடது பாதையில் போனார். நான் கூப்பிட்டிருக்கலாம் என்கிறீர்கள். கூப்பிட்டு என்ன சொல்வது?

வழியில் ஓலை வெட்டுகிறவர்கள் கழுதையோடு வந்தார்கள், முட்டி வலி தாங்காமல் அவர்களோடு ஊருக்குத் திரும்பிவிட்டார் என்று கூட்டத்திடம் சொன்னேன். "பாவம்" என்றாள் லிசெத். அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன், நிஜமாகவே வருத்தப்பட்டாள். மௌரோவிடமும் அதையே சொன்னேன். அவன் மட்டும், "இந்த மாசத்துல எவன் ஓலை வெட்டுறான் மச்சான்?" என்று கேட்டான். வெட்டுகிறார்கள் என்றேன். சூரியன் மறைவதை எல்லோரும் பார்த்தார்கள். அவ்வளவு நல்ல செந்நிறம் அந்த வருடம் அதற்கு முன் வந்ததில்லை.

என் கணக்கு இதுதான். கொட்டகைக்குக் கூரை இருக்கிறது. அவரிடம் ஒரு புட்டித் தண்ணீரும் இரண்டு சோளத் தொர்த்தியா ரொட்டியும் இருந்தன. மறுநாள் மதியம் அதே வழியில் திரும்பும்போது போய்க் கூட்டிக்கொள்ளலாம். வழி தவறிவிட்டீர்களே என்பேன், அவர் மருமகனைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிப்பார். இதில் என்ன தப்பு?

ஆனால் மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது லிசெத், "வந்த வழியே எதுக்குப் போகணும்? ஏரி வழியாப் போலாமே, பறவையெல்லாம் இருக்குமாமே" என்றாள். ஆறு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். போகலாம் என்றேன். ஏரி வழி அந்தப் பிரிவுக்கே வராது. மௌரோ தன் தடத்தில் போனான். நாங்கள் ஊர் சேர்ந்ததும் வேன் தயாராக நின்றது. எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்து விடைபெற்றார்கள். பெரியவர் எங்கே என்று மௌரோ கேட்டபோது, காலையிலேயே பஸ் ஏறிவிட்டாராம் என்றேன்.

விடிந்ததும் ஒரு கழுதையோடு நானே போய்விடலாம் என்றுதான் படுத்தேன். விடிந்ததும் சங்கத்திலிருந்து ஆள் வந்தது. ஒரு வழிகாட்டிக்குக் காய்ச்சல், அவன் முறையை நீ எடுத்துக்கொள், வேறு ஆள் இல்லை என்றார்கள். அவர்களும் பாவம்தானே. அந்தக் கூட்டம் தெற்குப் பக்கக் கோயில்களுக்குப் போகிற கூட்டம். இரண்டு நாள்.

சனிக்கிழமை அவருடைய மகள் ஃப்ளோரெஸுக்கு, அந்தச் சிநேகிதன் வீட்டுக்கு, அழைத்துப் பேசியிருக்கிறாள். அதன் பிறகுதான் தேட ஆரம்பித்தார்கள். தேடுகிறவர்களுக்கு வழி காட்ட என்னைக் கேட்டார்கள், ஒத்துக்கொண்டேன். அவர்களை நேராகக் கொட்டகைக்குக் கூட்டிப்போயிருந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்கள். அதனால் ஊருக்குப் பக்கத்தில் மேற்குக் காட்டைக் காட்டினேன். எல்லோரும் நன்றாகத் தேடினார்கள். அவருடைய மகளும் வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, எங்கப்பாவக் கண்டுபிடிச்சுக் குடுத்துருங்கண்ணா" என்று அழுதாள். கட்டாயம் என்று அவளிடமும் சொன்னேன்.

இரண்டாம் நாள் மௌரோ எங்களோடு வரவில்லை. தனியாக அந்தப் பிரிவுக்குப் போயிருக்கிறான். காய்ந்த கிளை வலது பாதையில் கிடந்திருக்கிறது. நான் இடக்கையன். என் வெட்டு எந்தப் பக்கம் சரியும் என்று அவனுக்குத் தெரியும், இருபது வருடம் ஒன்றாகக் காடு வெட்டியிருக்கிறோம். டோன் எலீஹியோவை அவன்தான் கண்டான். கொட்டகைக்கு வெளியே மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். காலணிகளைக் கழற்றி ஜோடியாக வைத்திருந்தாராம். அங்கிருந்த குட்டை காய்ந்து வெடித்துக் கிடந்திருக்கிறது. ஆமாம், அது பிப்ரவரியிலேயே காய்ந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.  மௌரோ அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போனான். அவன் மேலும் எனக்குக் கோபம் இல்லை.

அவர் ஏன் வந்த வழியே திரும்பி நடக்கவில்லை என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். நான் தெரியாது என்றேன். இன்று காலை லிசெத்தின் கைப்பேசியிலிருந்த பதிவை மூன்று தடவை போட்டுக் காட்டினீர்கள். இனி தெரியாது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

அது கோயில் உச்சியில், விடிகிறபோது எடுத்தது. ஊளைக் குரங்குகள் கத்தி ஓய்ந்திருந்தன. மரங்களின் தலைக்கு மேல் மூடுபனி. அங்கே நின்றால் எவ்வளவு தூரத்துச் சத்தமும் வரும். கிழக்கே எங்கிருந்தோ நீளமாக ஒரு குரல் கேட்டது.

"அது என்ன அமான்சியோ?"

"குவாக்கோ மேடம். பாம்பு தின்னும் பருந்து. மனுஷன் கூப்பிடற மாதிரியே கத்தும்."

அப்படி ஒரு பருந்து உண்டு. அது பொய் இல்லை. அவர்களுக்கு ஒரே சந்தோஷம். லிசெத் கைப்பேசியை எடுத்துப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி கத்த வைக்க முடியுமா?" என்று கேட்டாள். பறவைகளுக்குக் குரல் கொடுப்பது எங்கள் தொழிலில் உள்ளதுதான். எல்லா வழிகாட்டிகளும் செய்வார்கள்.

கைகளைக் குவித்து உரக்கக் குரல் கொடுத்தேன். பதில் உடனே வந்தது, முன்னைவிடச் சத்தமாக, முன்னைவிட வேகமாக. எல்லோரும் கைதட்டினார்கள். இன்னொரு தடவை என்றார்கள், கொடுத்தேன். மூன்றாவது தடவையும் கொடுத்தேன். பிறகு பசிக்கிறது என்றார்கள், இறங்கினோம். படி இறங்கும்வரை அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவர் நான்கு நாள் உயிரோடு இருந்திருப்பார் என்று டாக்டர் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினீர்கள். ஆள் வருகிறது என்று நம்பி அந்த இடத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஆமாம் அம்மா, நான்தான் அவரை அங்கே அனுப்பினேன், நான்தான் உட்காரவும் வைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஆறு பேர் அந்தக் குரலைக் கேட்டார்கள். அவருக்குப் பதில் சொன்னவன் நான் ஒருவன்தான்.