ஐந்து பித்தளை வாத்தியக்காரர்களின் எடை குறைந்த விவரம்

என் பெயரும் வீட்டு எண்ணும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதியுள்ளபடி சரி. வயது எழுபத்து நான்கு. கணவர் காலமாகிப் பதினொரு வருடம் ஆகிறது. மேற்படி வீட்டில் தனியாக வசித்து வருகிறேன். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்து, அதே பள்ளியின் வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு முப்பத்தொரு வருடம் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். கண்ணும் காதும் நன்றாக உள்ளன. என் வீட்டில் ஆறு வருடமாக வேலை செய்பவரும், தெருவில் எல்லோரும் சின்னக்கா என்று அழைப்பவருமான பெண்மணி மீது நேற்று முன்தினம் நான் கொடுத்த திருட்டுப் புகார் முழுவதும் தவறானது. அவரை இன்று ஐந்து மணிக்கு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக இருக்கிறார்கள். இப்போது மணி நான்கு பத்து. ஆகையால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

என் வீட்டு முன்னறையில், வாசலைப் பார்த்த அலமாரித் தட்டில், பித்தளையில் செய்த வாத்தியக்காரர் பொம்மைகள் ஐந்து உள்ளன. மத்தளக்காரர், குழல்காரர், தாளக்காரர், கொம்புக்காரர், வீணைக்காரி. ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். உட்கார்ந்து கண்ணை மூடி வாசிக்கிறார்கள். கையால் செய்தவை என்பதால் ஒன்று போல ஒன்று இருக்காது. மத்தளக்காரரின் இடது காது சற்று மேலே ஏறியிருக்கும். என் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அவர்களைத்தான், என்னை அல்ல. என் தோழி ஒருத்தியின் வீட்டில் மெருகு போட வந்த ஆள் இதே மாதிரியான பொம்மைகளைக் கொண்டுபோய்விட்டு, அவை இருந்த இடத்தில் போலியை வைத்துவிட்டுப் போனான். அது முதல் மாதம் ஒரு முறை ஐந்தையும் மின்தராசில் வைத்து எடை பார்ப்பது என் வழக்கம். ஒன்பது வருடத்தில் ஐந்து கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்ததில்லை.

சென்ற வாரம், வீட்டு அலங்காரம் பற்றிய பத்திரிகை ஒன்றிலிருந்து என் முன்னறையைப் படம் எடுக்க வருவதாகச் சொன்னார்கள். என் மருமகள் செய்த ஏற்பாடு. வீணைக்காரி மட்டும் இரண்டு மாதமாக மருமகள் வீட்டில் இருந்தாள். புதிதாக வர்ணம் அடித்த சுவருக்குப் பொருத்தமாக இருக்குமென்று அவள் கேட்டு வாங்கிப் போயிருந்தாள். திங்கட்கிழமை காலை, மற்ற நான்கையும் துலக்கும்படி சின்னக்காவிடம் கொடுத்து, "மடிப்புக்குள்ள ஒரு பொட்டுக் கருப்புகூட இருக்கக் கூடாது" என்று சொன்னேன். அதற்கு முன்பெல்லாம் உலர்ந்த துணியால் துடைப்பதோடு சரி. அதன் பிறகு பல் மருத்துவரிடம் போய், காத்திருந்து, மாலை ஐந்து மணிக்குத் திரும்பினேன். நான்கு பொம்மைகளும் தட்டில் இருந்தன. அவற்றை அவ்வளவு மஞ்சளாக நான் பார்த்ததே இல்லை.

மத்தளக்காரரைக் கையில் எடுத்ததுமே எனக்கு வித்தியாசம் தெரிந்தது. உடனே தராசில் வைத்தேன். இரண்டு கிலோ நூற்று நாற்பது கிராம் இருக்க வேண்டியவர் ஒரு கிலோ அறுநூற்றுப் பத்து இருந்தார். மற்ற மூவரும் அப்படியே ஆளுக்கு நானூறு, ஐந்நூறு கிராம் குறைவு. விரல் நகத்தால் தட்டினால் எப்போதும் பானையைத் தட்டியது போல மொத்தென்று கேட்கும். அன்று மணி மாதிரிக் கணீரென்று கேட்டது. அதன் பிறகு மருமகளைத் தொலைபேசியில் அழைத்தேன். அவள், "நாலையும் மாத்திட்டாங்க அத்தை. அஞ்சாவது எங்க வீட்டுல இருந்ததால தப்பிச்சுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? போலீசுக்குப் போங்க" என்றாள். எனக்கும் அப்படியே பட்டது. ஏறிய காதை அப்படியே செய்து வைத்திருக்கிறார்களே, என்ன கெட்டிக்காரத்தனம் என்று வியந்தேனே தவிர, அது ஏன் அப்படியே இருக்கிறது என்று யோசிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து புகார் எழுதிக் கொடுத்தேன். எடை விவரத்தையும் நானே தந்தேன்.

நேற்று மாலை ஐந்தரை மணிக்கு, பால் வாங்குபவர்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில், காவல் வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது. சின்னக்கா என் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார். "ஊற வெச்சுத் தேய்ச்சேன், அவ்வளவுதாம்மா. வேற ஒண்ணும் செய்யல" என்று அவர் சொன்னார். "தராசுக்கு உன் மேல என்ன கோபம்?" என்று நான் கேட்டேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் கையிலிருந்த துணியைப் பிழிந்து, நான்காக மடித்து, படியில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினார். நான்கு பொம்மைகளையும் சாட்சிப் பொருளாக எடுத்துப்போனார்கள்.

இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மருமகள் வீட்டிலிருந்து வீணைக்காரியை வாங்கிக்கொண்டு, பித்தளை வார்ப்புப் பட்டறை ஒன்றுக்குப் போனேன். அசல் இது, மற்றவை போலி என்று வார்ப்புக்காரரிடம் எழுதி வாங்கி, வழக்குக்கு வலு சேர்ப்பதே என் நோக்கம். வார்ப்புக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் பொம்மையைக் கவிழ்த்து, அடிப்பக்கம் பட்டாணி அளவில் இருந்த இரண்டு ஓட்டைகளைப் பார்த்து, ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குடைந்தார். மேசைமேல் கருப்பாகத் தூள் கொட்டியது. அதன் பிறகு எங்களுக்குள் நடந்த பேச்சு:

"மத்த நாலையும் தண்ணியில போட்டீங்களா?"

"வேலை செய்யறவ ஊற வெச்சதாச் சொல்றா."

"எவ்வளவு நேரம்?"

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இருக்கலாம்."

அவர் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார். சிரிப்பை அடக்கத் தெரியாதவர். அவர் விளக்கியது இது: முதலில் களிமண்ணில் ஆளைப் பிடித்து, அதன்மேல் மெழுகைப் பூசி, மெழுகில் மூக்கும் விரலும் செய்து, மறுபடி மேலே மண்ணைப் பூசிச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடத்தில்தான் பித்தளையை ஊற்றுகிறார்கள். வெளி மண்ணை உடைத்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் மண் உள்ளேயே கிடக்கும். அது முழுதாகச் சுட்ட மண் அல்ல. நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தால் கரைந்து ஓட்டை வழியாக வந்துவிடும். இதைச் சொல்லிவிட்டு, "இத்தனை வருஷமா மண்ணையும் சேர்த்து எடை போட்டிருக்கீங்கம்மா" என்றார். சுவரில் கடிகாரம் ஒரு மணி பத்து காட்டியது. சின்னக்காவை நீதிமன்றத்தில் ஒப்படைக்கும் நேரம் எனக்குத் தெரியும். அதைக் கேட்டு வைத்தவளே நான்தான். பட்டறையைப் பூட்டும்படி வார்ப்புக்காரரிடம் சொன்னேன். அவர் சட்டை மாற்ற வேண்டுமென்றார், வேண்டாமென்றேன். வாடகைக் காரில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் போக்குவரத்து விளக்கில் திரும்ப வேண்டுமென்று நானே சொல்லிக்கொண்டு வந்தேன். இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இங்கே வந்து சேர்ந்தோம்.

காவல் ஆய்வாளர் நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நீங்க சொன்னா உள்ள வைக்கணும், நீங்க சொன்னா வெளிய விடணும். அப்ப நான் எதுக்கும்மா?" என்றார். அவர் கேட்டது நியாயம். நான் சொல்வதை நம்ப வேண்டாம், ஒரு வாளி வெந்நீரும் ஒரு தராசும் கொடுத்தால் போதும் என்றேன். எதிர்க் கடையிலிருந்து காய்கறி நிறுக்கும் மின்தராசு வந்தது. வீணைக்காரி ஒரு கிலோ எண்ணூற்று எண்பது கிராம். எடையைத் தலைமைக் காவலர் குறித்துக்கொண்டார். இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு வாளியில் இறக்கினோம். சில நிமிடங்கள் குமிழி மட்டும் வந்தது. தலைமைக் காவலர், "அந்தம்மா மூச்சு விடறாங்க" என்றார். புகார் கொடுக்க வந்திருந்தவர்கள் புகாரை மறந்து வாளியைச் சுற்றி நின்றார்கள். அரை மணி கழித்து வார்ப்புக்காரர் எடுத்துக் குலுக்கியபோது நீர் மட்டும் வடிந்தது. ஆய்வாளர் என்னைப் பார்த்தார். நான் மறுபடி வெந்நீர் கேட்டேன்.

அதுவரை சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சின்னக்கா, "அப்படிக் குலுக்கினா வராதுங்க. தலைகீழா வெச்சு ஊற விடணும். மடிச்ச காலுக்குள்ளதான் நிறைய நிக்கும்" என்றார். ஆய்வாளர் தலையசைக்க, அவரே எழுந்து வந்து முந்தானையைச் செருகிக்கொண்டு வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கவிழ்த்து ஊற வைத்து, நிமிர்த்தி, உள்ளங்கையால் முதுகில் தட்டினார். மூன்றாவது தட்டில் கருஞ்சேறு கட்டியாக விழுந்தது. அதன் பிறகு நிற்கவே இல்லை. வாளித் தண்ணீர் தார் மாதிரி ஆனது. வார்ப்புக்காரர் உரக்கச் சிரித்தார். நானும் சத்தமாக ஏதோ சொன்னேன் என்கிறார்கள். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மூன்று மணி நாற்பது நிமிடத்துக்குத் துடைத்து நிறுத்தபோது வீணைக்காரி ஒரு கிலோ நானூற்று இருபது. நானூற்று அறுபது கிராம் குறைவு. தலைமைக் காவலர் தட்டிப் பார்த்தார். கணீரென்றது. சாட்சிப் பொருளாக இருந்த நான்கையும் கம்பியால் குடைந்ததில் அவற்றிலும் அதே கருப்பு மண்ணின் மிச்சம் வந்தது. அவை என்னுடைய பொம்மைகளே. யாரும் எதையும் மாற்றவில்லை.

அன்று இவ்வளவு சேறு வந்ததை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சின்னக்காவைக் கேட்டேன். அவர் சொன்னது: "எத்தனையோ வருஷத்து அழுக்குன்னு நெனச்சேன்மா. இவ்வளவு சுத்தம் பாக்கறவங்க வீட்டுல இத்தனை அழுக்கான்னு உங்களுக்கு வெக்கமா இருக்குமேன்னு, நீங்க வர்றதுக்குள்ள பின்பக்கம் ஊத்திட்டேன்." நேற்று தெருவில் சொல்லியிருக்கலாமே என்றதற்கு, "பால் வாங்க நிக்கறவங்க முன்னாடியா?" என்று கேட்டார். இதை எழுத வேண்டியதில்லை என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் எழுத்தர் கருதினார். எழுதும்படி நான் கேட்டுக்கொண்டேன்.

தவறான புரிதலால் புகார் கொடுத்துவிட்டதாக எழுதினால் போதும் என்று ஆய்வாளர் சொன்னார். நான் ஒப்பவில்லை. எடை குறைந்தது உண்மை. அதற்குக் காரணம் தேடாமல், கேட்ட கேள்விக்கு உண்மையே சொன்னவரைத் திருடி என்று முடிவு செய்தது நான். மருமகள் சொன்னாள் என்பது காரணமாகாது. புகாரில் கையெழுத்து என்னுடையது. சின்னக்கா மீது எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அவரை இப்போதே விடுவிக்க வேண்டும். இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்குப் போக வாடகைக் கார் வாசலில் நிற்கிறது என்று சின்னக்காவிடம் சொன்னேன். அவர், "வண்டி வேணாம்மா. வண்டியில ஏத்தினதைத்தான் எல்லாரும் பாத்தாங்க. தெருமுனையிலேர்ந்து நீங்க என்கூட நடந்து வரணும். கடைக்காரர் கேட்டா நின்னு சொல்லணும். பால்காரர் கேட்டாலும் நின்னு சொல்லணும்" என்றார். சரி என்றேன். நாளைக்கு வேலைக்கு வருவாயா என்று கேட்டேன். "அது அப்புறம். முதல்ல நடங்க" என்றார். கையெழுத்திட்டதும் கிளம்புகிறோம். ஐந்து மணிக்குக் கடைகளில் கூட்டம் இருக்கும்.

மேலே கண்டவற்றை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, யாருக்கும் பயந்தும் சொல்லவில்லை. எழுதியதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டாவது முறை சின்னக்காவும் பக்கத்தில் நின்று கேட்டார். அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)