பால்கனியை மறைத்த போர்டு

தீபாவளிக்கு முன்னால் உத்திரமேரூர் பஜாரில் எல்லாரும் போர்டு மாற்றுவார்கள், சார். நானும் என் ரெடிமேட் கடைக்கு மாற்றினேன். பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியட்டும் என்று பெரிய தகர போர்டாகவே அடித்தேன். அது மாடி பால்கனியை முழுசாக மறைத்துவிட்டது.

மாடியில் ஞானசுந்தரி தையல் கடை வைத்திருந்தாள். மரியாதை தெரிந்த பெண், இல்லையென்று சொல்ல மாட்டேன். காற்று வரவில்லை, பகலிலேயே லைட் போட்டுத் தைக்க வேண்டியிருக்கிறது என்று வந்து சொன்னாள். பார்க்கலாம் என்றேன். பிறகு பேரூராட்சியில் மனு கொடுத்துவிட்டாள். ஜன்னலையோ வழியையோ மறைத்துப் போர்டு வைக்கக் கூடாதாம். தெருவில் பாதிக் கடை அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஆபீஸிலிருந்து வந்தவர் என் வாசலில் நின்று, வியாபாரத்துக்கு வந்தவர்கள் முன்னால் என்னைத் திட்டினார். கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். ஞானசுந்தரி மாடிப்படியில் நின்று பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

அன்றைக்கு மத்தியானம் நானேதான் ஏணி போட்டு ஏறினேன். கழற்றத்தான் ஏறினேன், அதை எழுதிக்கொள்ளுங்கள். போல்ட்டில் ஸ்பானரை வைத்தபோது மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டர் பெட்டி வெடித்தது. நான் பற்ற வைக்கவில்லை, அது கரண்ட் கோளாறு. படியெல்லாம் நெருப்பு. அவள் பால்கனிப் பக்கம் ஓடிவந்து தகரத்தைத் தட்டினாள். நான் கை வைத்திருந்த இடத்திலேயே தட்டினாள். அதிர்வு என் விரலில் ஏறியது.

நான் இறங்கி, ஏணியைக் கடைக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

கூட்டம் சேர்ந்து படியில் மண்ணை அள்ளிக் கொட்டியது. அந்தக் கூச்சலில், போர்டுக்கு அடியில் நின்ற எனக்குத்தான் அவள் குரல் கேட்டது. எதிரே பூ விற்கிற செவ்வந்தி மட்டும் மேலே பார்த்தாள்.

"இன்னா தாமோதரண்ணா, போர்டு ஆடுது. மேல அந்தப் பொண்ணு கீறாளா?"

"சாப்புட வூட்டுக்குப் போயிட்டா. காத்துல ஆடுது," என்றேன்.

தீயணைப்பு வண்டி வருவதற்குள் ஆட்டம் நின்றுவிட்டது. போர்டை அவர்கள்தான் கழற்றினார்கள். அவள் அதன்மேல் சாய்ந்தபடி இருந்தாள்.

அதற்கப்புறம் எனக்கு இருக்க இடமில்லை, சார். வீட்டுக் கதவைச் சாத்தினால் மூச்சு முட்டுகிறது. திறந்து வைத்தால் தெருவே உள்ளே பார்க்கிறது. கடையில் உட்கார்ந்தால் மாடியில் யாரோ நடக்கிற மாதிரி இருக்கிறது. மேலே யாரும் குடிவரவில்லை என்று எனக்கே தெரியும். அதனால்தான் யாரும் கூப்பிடாமலே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் கட்டாயம் கழற்றியிருப்பேன். "அண்ணா, அண்ணா" என்றுதான் கத்தினாள். தெருவில் அவ்வளவு பேர் நிற்கும்போது, அது என்னைத்தான் என்று நான் எப்படி எடுத்துக்கொள்வது?